தள்ளாட்டம் (காரணம் அறிதல்)

தள்ளாட்டம் என்பது நிற்கையிலும் நடக்கையிலும் உடல் நிலைகொள்ளாமை. கவனச் சிதறலும் சேரும்போது உட்செவி, நரம்பு, இரத்தம், மருந்து, நஞ்சு எனக் காரணம் தேடப்படும். பழவேற்காடு ஏரிக்கரை போன்ற மீனவ ஊர்களில் தொழிலையும் உணவையும் முதலில் விசாரிப்பதே பயன்தரும்.

படகிலிருந்து இறங்கியபின் தரை ஆடுவதாகத் தோன்றுவது பெரும்பாலும் தானே அடங்கும், நோயன்று. படுக்கையில் புரளும்போது சில நொடி சுற்றினால், உட்செவியின் சுண்ணத் துகள்கள் இடம் பெயர்ந்திருக்கலாம். 1952இல் விவரிக்கப்பட்ட டிக்ஸ்–ஹால்பைக் சோதனை இதைக் காட்டும். தலையை முறைப்படி திருப்பியே பலருக்குக் குணமாக்கலாம். கண்ணை மூடியதும் சாய்ந்தால் (ரோம்பெர்க் சோதனை) பாத உணர்வு நரம்புகள் கெட்டிருக்கக்கூடும்: நீரிழிவு, பி12 குறைவு, மது. வெயிலில் நீரிழப்பு, சோகை, இரத்த அழுத்த மாத்திரை, தூக்கமின்மை ஆகியவை தலையைக் கிறுகிறுக்கச் செய்து கவனத்தையும் குலைக்கும். இரவில் வலை வீசுவோரிடம் தூக்கமின்மை எளிதில் தவறவிடப்படுகிறது. திடீர்த் தள்ளாட்டத்துடன் வாய் கோணல், பேச்சுக் குழறல் இருந்தால் பக்கவாதமாகக் கருதி உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

நஞ்சுக்குச் சான்று சப்பானின் மினமாட்டா. 1956இல் அங்கு மீனவக் குடும்பங்களில் தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் பதிவாயின. ஆலைக் கழிவின் மெத்தில் பாதரசமே காரணமென அரசு ஏற்றது 1968இல்தான். மனிதருக்கு முன்பே அங்குப் பூனைகளும் தள்ளாடியிருந்தன. சிப்பி, மட்டிகளில் சேரும் பாசி நஞ்சு வேறு வகை: உண்ட சில மணி நேரத்துக்குள் உதடு மரத்து, நடை தளரும்; சமைத்தாலும் அந்நஞ்சு அழியாது.