மூளை அதிர்ச்சி மாற்று ஆட்டக்காரர்

மூளை அதிர்ச்சி மாற்று ஆட்டக்காரர் என்பவர், துடுப்பாட்டப் போட்டி ஒன்றின் நடுவே தலையிலோ கழுத்திலோ அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளான ஆட்டக்காரருக்குப் பதிலாக அணியில் சேர்க்கப்படுபவர் ஆவார். ஆங்கில வழக்கில் கன்கஷன் சப்ஸ்டிடியூட் எனப்படும் இவர், வழக்கமான மாற்று ஆட்டக்காரரைப் போலன்றித் துடுப்பெடுத்தாடவும் பந்துவீசவும் உரிமை பெற்றவர். பன்னாட்டுப் போட்டிகளில் இம்முறை ஆகஸ்ட் 1, 2019 முதல் நடைமுறையில் உள்ளது.

பின்னணி

துடுப்பாட்ட விதிகளின்படி, காயமடைந்தவருக்காகக் களமிறங்கும் சாதாரண மாற்று ஆட்டக்காரர் களத்தடுப்பில் மட்டுமே ஈடுபடலாம். 2017 முதல் நடுவர்களின் ஒப்புதலுடன் விக்கெட் காப்பாளராகவும் நிற்கலாம். துடுப்பெடுத்தாடவோ பந்துவீசவோ அவருக்கு அனுமதி இல்லை. ஆகவே ஒருவர் காயத்தால் விலகினால் அவரது அணி பத்துப் பேருடனேயே ஆட்டத்தை முடிக்க வேண்டியிருந்தது. 1977 இல் மெல்பேர்ணில் நடந்த நூற்றாண்டுத் தேர்வுப் போட்டியில் ரிக் மெக்கோஸ்கர் உடைந்த தாடையுடன் துடுப்பெடுத்தாடினார். 2002 இல் அன்டிகுவாவில் அனில் கும்ப்ளே அதே நிலையில் 14 ஓவர்கள் வீசி பிரயன் லாராவை ஆட்டமிழக்கச் செய்தார். இவை வீரச் செயல்களாக இன்றும் போற்றப்படுகின்றன.

ஆனால் தாடை முறிவு வெளியே தெரியும். மூளை அதிர்ச்சி தெரியாது. அடியின் வேகத்தால் மண்டையோட்டினுள் மூளை குலுங்குவதே இதன் காரணம். நினைவிழந்து விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று கொள்வது தவறு. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மறதி போன்ற அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தோன்றலாம். குணமடையுமுன் இரண்டாம் முறை அடிபடுவது பேராபத்து. பாதிக்கப்பட்டவரின் சிந்திக்கும் திறனே குன்றியிருக்கக்கூடும் என்பதால், தம்மால் ஆட முடியும் என்று அவரே கூறினாலும் அதை நம்பி முடிவெடுக்க இயலாது. மேலும், தாம் வெளியேறினால் அணிக்கு ஓர் ஆள் குறையும் என்ற எண்ணம் அறிகுறிகளை மறைக்கவே தூண்டும். இத்தூண்டுதலை அகற்றுவதே இவ்விதியின் முதன்மை நோக்கம்.

வரலாறு

1962 இல் பார்படோஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்திய அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை முறித்தது. அவர் உயிர் தப்பினார் எனினும் அதன்பின் தேர்வுப் போட்டி எதிலும் ஆடவில்லை. நவம்பர் 25, 2014 அன்று சிட்னி துடுப்பாட்ட மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் பிலிப் ஹியூஸ் கழுத்தில் அடிபட்டு, இரு நாட்களின் பின் உயிரிழந்தார். கழுத்துத் தமனி கிழிந்து மூளையைச் சுற்றி ஏற்பட்ட குருதிப்பெருக்கே அவரது இறப்புக்குக் காரணம்; மாற்று ஆட்டக்காரர் விதி இருந்திருந்தாலும் அவரைக் காத்திருக்க முடியாது. ஆயினும் தலைக்காயங்களைப் பற்றிய பொதுவான அக்கறை அதன்பின்னரே வலுத்தது. ஆஸ்திரேலியா 2016-17 பருவத்தில் தனது உள்நாட்டு ஒருநாள், இருபது20 போட்டிகளில் இம்முறையைக் கொண்டுவந்தது. பன்னாட்டுத் துடுப்பாட்ட அவை 2019 ஜூலையில் லண்டனில் கூடி, ஆடவர், மகளிர் போட்டிகள் அனைத்துக்கும் இதனை ஏற்றது.

நடைமுறை

மூளை அதிர்ச்சி உள்ளது என்பதை அணியின் மருத்துவப் பிரதிநிதி முடிவு செய்கிறார். மாற்று ஆட்டக்காரர் யார் என்பதற்கு ஆட்ட மேற்பார்வையாளர் (மேட்ச் ரெஃப்ரி) ஒப்புதல் அளிக்க வேண்டும். பதிலாள் விலகியவரை ஒத்தவராக இருத்தல் வேண்டும். அணிக்கு அளவுமீறிய நன்மை கிடைக்குமாயின் மேற்பார்வையாளர் கட்டுப்பாடு விதிக்கலாம். நவம்பர் 2019 இல் கொல்கத்தாவில் வங்காளதேசத்தின் லிட்டன் தாசுக்குப் பதிலாக வந்த சுழற்பந்து வீச்சாளர் மெஹிதி ஹசன் துடுப்பெடுத்தாடினார்; ஆனால் பந்துவீச அனுமதிக்கப்படவில்லை. விலகியவர் அப்போட்டிக்குத் திரும்ப முடியாது.

முதல் பயன்பாடு

ஆகஸ்ட் 2019 இல் லார்ட்ஸ் தேர்வுப் போட்டியில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. அப்போது அவர் 80 ஓட்டங்கள் எடுத்திருந்தார். பரிசோதனைகளில் தேறியதால் மீண்டும் களமிறங்கி 92 வரை எடுத்தார். மறுநாள் காலையில்தான் அறிகுறிகள் உறுதியாயின. அவருக்குப் பதிலாக வந்த மார்னஸ் லபுஷேன் 59 ஓட்டங்கள் எடுக்க, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. தேறியவரும் மறுநாள் பாதிக்கப்படலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சர்ச்சைகள்

விதியின் கடினமான பகுதி 'ஒத்தவர்' என்ற சொல்லாகும். டிசம்பர் 2020 இல் கான்பராவில் நடந்த இருபது20 ஆட்டத்தின் இறுதி ஓவரில் இந்தியாவின் ரவீந்திர ஜடேஜா தலைக்கவசத்தில் அடிபட்டார். அவருக்காக வந்த யுஸ்வேந்திர சாகல் 3 விக்கெட்டுக்களைக் கைப்பற்றி ஆட்ட நாயகனானார். இந்தியா 11 ஓட்டங்களால் வென்றது. ஜனவரி 2025 இல் புனேயில், துடுப்பாட்டத்தையே முதன்மையாகக் கொண்ட பன்முக ஆட்டக்காரர் சிவம் துபேக்குப் பதிலாக வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணா சேர்க்கப்பட்டு 3 விக்கெட்டுக்கள் எடுத்தார். இம்மாற்றம் ஒத்ததன்று என இங்கிலாந்து அணித்தலைவர் ஜோஸ் பட்லர் வெளிப்படையாக மறுத்தார். இரு நிகழ்வுகளிலும் துடுப்பெடுத்தாடும் வேலை முடிந்துவிட்ட நிலையில், இந்தியாவுக்கு முழுநேரப் பந்துவீச்சாளர் ஒருவர் கிடைத்தார் என்பதே எதிர்ப்பின் சாரம்.

2025 இல் விதி திருத்தப்பட்டது. அதன்படி ஒவ்வோர் அணியும் விக்கெட் காப்பாளர், துடுப்பாட்டக்காரர், வேகப்பந்து வீச்சாளர், சுழற்பந்து வீச்சாளர், பன்முக ஆட்டக்காரர் என ஐந்து பதிலாட்களின் பெயர்களை ஆட்டம் தொடங்குமுன்பே அளிக்க வேண்டும். மூளை அதிர்ச்சி உறுதியானவர் குறைந்தது 7 நாட்கள் ஆடாதிருக்க வேண்டும் என்பதும் அவ்வாண்டிலேயே சேர்க்கப்பட்டது.