கிரிவோங்கில் ஒரு மாளய அமாவாசை

நக்கோன் சி தம்மராட். இந்த ஊர்ப் பெயரை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நகர ஸ்ரீ தர்மராஜ என்பதுதான் தாய்லாந்துக்காரர் வாயில் இப்படி ஆகியிருக்கிறது. தென் தாய்லாந்தில் உள்ள பழைய ஊர். ஒரு காலத்தில் இந்த நாட்டுக்குத் தாமிரலிங்கம் என்று பெயர். 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வென்ற ஊர்களை அடுக்கும் மெய்க்கீர்த்தி, மாதமாலிங்கம் என்று ஒன்றைச் சொல்கிறதே, அது இந்த வட்டாரம்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. நமக்குப் பெருமைப் பட்டியலில் இருக்கும் ஊர். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அடி வாங்கிய ஊர்!

2024 செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் அங்கே போனோம். நகரத்தில் தங்கவில்லை, மலையடிவாரத்தில் கிரிவோங் என்ற கிராமத்தில் ஹோம்ஸ்டே. கிரி என்றால் அங்கேயும் மலைதான். வோங் என்றால் வட்டம். மங்குஸ்தான், துரியன் தோப்புகளுக்கு நடுவே வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். 'பா' என்று கூப்பிடச் சொன்னார், பெரியம்மா மாதிரி. பேச்செல்லாம் அவர் மருமகளின் கைபேசி வழியாகத்தான்.

கிளம்பும்போதே மனைவிக்கு ஒரு குறை. "ஏங்க, மாளய அமாவாசைக்கு ஊர்ல இருக்க மாட்டோமே. மாமாவுக்கு எள்ளும் தண்ணியும் யாரு இறைக்கிறது?" தம்பி ராமேஸ்வரம் போகிறான் என்று சமாதானம் சொல்லிக் கூட்டிப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால் அந்த வீடே அதே அமாவாசைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

'சாத் துவென் சிப்' என்று பெயர். பத்தாம் மாதத்துத் திருவிழா. தேய்பிறைப் பிரதமை அன்று எமன் இறந்தவர்களை அவிழ்த்துவிடுகிறான்; பதினைந்து நாள் பிள்ளை குட்டிகளைப் பார்த்துவிட்டு அமாவாசையன்று அவர்கள் திரும்ப வேண்டும். நம் மாளய பட்சம் அப்படியே! அந்த வருடம் இரண்டும் முடிந்தது அக்டோபர் 2-ம் தேதி. வந்து போகிறவர்களுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பிரேத்'.

திரும்பிப் போகிறவர்களுக்குக் கட்டிக்கொடுக்க ஐந்து பலகாரம். நூல் நூலாக இழுத்து மடித்த 'லா', உடுத்திக்கொள்ள. பொரித்த 'போங்', ஏறிப் போகத் தெப்பம். 'கோங்' நகைக்கு, 'பா' விளையாட. கடைசியாக 'டி சாம்', வழிச்செலவுக்குக் காசு. அரிசி மாவில் சர்க்கரை சேர்த்து, நடுவில் ஓட்டை போட்டுப் பொரித்தது. மனைவி ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "அதிரசங்க இது" என்றாள்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் "எல்லாம் நாம் கொடுத்தது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 'சாத்' என்று கேட்டதும் சிராத்தம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தாய் எழுத்தில் அது 'சாரத'. சரத் காலத்திலிருந்து வந்த சொல். பிக்குகளைக் கேட்டால் பிம்பிசார மன்னனின் இறந்துபோன உறவினர்கள் பசியோடு வந்து நின்ற பௌத்தக் கதையைச் சொல்வார்கள். கம்போடியாவிலும் இதே அமாவாசையில் 'பசும் பென்' முடிகிறது. இதையெல்லாம் தமிழன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நம் கணக்கில் எழுத வேண்டியது நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேற்குக் கரையில் தக்குவா பா பக்கம் கிடைத்த 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி, மணிக்கிராமத்து வணிகர்களின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். படையெடுப்புக்கு இருநூறு வருடம் முன்னால் நம் ஆட்கள் அங்கே குளம் வெட்டியிருக்கிறார்கள். எனக்கு ராஜேந்திரனைவிட இந்தக் குளம்தான் பெரிசு.

பதின்மூன்றாம் நாள் சந்தை, பதினாலாம் நாள் கூடை அடுக்குவது. அப்போது பா கொஞ்சம் பலகாரத்தைத் தனியாக எடுத்து வைத்தார். யாருக்கு என்று கேட்டோம். "சொந்தக்காரர் இல்லாத பிரேத்துகளுக்கு. உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?"

எனக்கு ஒருவர் இருந்தார். பாட்டியின் தம்பி. மலேயாத் தோட்டத்துக்குப் போனவர். சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போய்விட்டான் என்று 1943-க்குப் பிறகு ஒரு கடிதம் வந்ததோடு சரி. அந்தப் பாதையில் செத்த பல்லாயிரம் தமிழ்க் கூலிகளில் ஒருவர். இறந்த நாள் தெரியாததால் திதி கிடையாது. பாட்டி மாளய அமாவாசைக்குத்தான் அவருக்கு இலை போடுவார். பாதை போன காஞ்சனபுரி இங்கிருந்து வடக்கே வெகுதூரம். ஆனாலும் அதே நாடு.

மருமகளிடம் சொன்னேன். அவள் ஃபோனில் சொல்ல, பா பதில் பேசாமல் இன்னும் இரண்டு டி சாமை அந்த இலையில் வைத்தார்.

மறுநாள் கோயில் வாசலில் மூங்கில் பரணில் எல்லார் படையலும் இருந்தது. பிக்குகள் ஓதி முடித்து நூலை அவிழ்த்ததும் குழந்தைகள் பாய்ந்தார்கள். முன்னோர் சாப்பிட்ட மிச்சம், அடித்துப் பிடித்துத் தின்றால் புண்ணியம். எங்கள் இலையிலிருந்ததை எடுத்தவன் ஆறு வயதுப் பயல். ஒன்றைக் கடித்துக்கொண்டே இன்னொன்றைத் தங்கச்சியிடம் கொடுத்தான்.