அட்டையில் பெயர் இல்லாத நாவல்

1882ஆம் ஆண்டு லண்டனில் ஒரு காதல் நாவல் வெளிவந்தது. பெயர் 'ப்ராப்பர் பிரைட்'. நம் பேச்சில் 'நியாயமான கர்வம்' என்று சொல்லலாம். எழுதியவர் பெயர் புத்தகத்தில் எங்கும் இல்லை. விமர்சகர்கள் பாராட்டினார்கள், எழுதியவர் ஓர் ஆண் என்றே எடுத்துக்கொண்டார்கள். பிரதமர் கிளாட்ஸ்டன் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தபடி அதைப் படித்துக்கொண்டிருந்தார் என்ற செய்தி வேறு பரவியது. 1896க்குள் பன்னிரண்டு முறை மறுஅச்சு கண்டது.

எழுதியவர் ஒரு பட்டாளத்து அதிகாரியின் மனைவி. பெயர் பித்தியா மேரி குரோக்கர். அந்த நாவலை அவர் யாருக்கும் தெரியாமல் எழுதினார். பிறகு உடனிருந்த மற்றப் பெண்களுக்கு மட்டும் வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் பிரதி எப்படியோ தொலைந்துபோனது. மறுபடி உட்கார்ந்து முழுவதையும் எழுதினார். அச்சுக்குப் போனபோதும் பெயர் போடவில்லை.

அடுத்த 37 ஆண்டுகளில், 1919 வரை, அவர் எழுதியவை 42 நாவல்கள், ஏழு சிறுகதைத் தொகுப்புகள். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல். நாவல்களில் 17 இந்தியாவைக் களமாகக் கொண்டவை, ஏழு அயர்லாந்தை, ஒன்று பர்மாவை. பிரெஞ்சு, ஜெர்மன், ஹங்கேரியன், நார்வேஜியன் மொழிகளுக்கெல்லாம் போயின. இவற்றில் பலவற்றை அவர் எழுதியது நம் நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில். கோடைக்காலப் பொழுதைத் தள்ளுவதற்காகத் தொடங்கியதுதான் எழுத்து. ஊட்டியைப் பற்றி எழுதப்படும் சுற்றுலாக் கையேடுகளில் தாவரவியல் பூங்கா அமைத்த மெக்ஐவர் வருவார், முதல் வீடு கட்டிய கலெக்டர் சலிவன் வருவார். நாற்பதுக்கும் மேல் நாவல் எழுதிய இந்தப் பெண்மணி வருவதில்லை.

அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில் கில்கெஃபின் என்ற ஊர்ப் பாதிரியாரின் ஒரே மகள் அவர். பிறந்தது 1848 வாக்கில். படித்தது இங்கிலாந்திலும் பிரான்சின் தூர் நகரிலும். குதிரையேற்றத்தில் பேர்போனவர், கில்டேர் வேட்டைக் குழுவோடு சவாரி செய்தவர். 1871இல் ஜான் ஸ்டோக்ஸ் குரோக்கர் என்ற ராணுவ அதிகாரியை மணந்தார். கணவருக்கு மாற்றலான இடமெல்லாம் மனைவிக்கும் ஊர் என்றானது. இந்தியாவிலும் பர்மாவிலுமாகப் பதினான்கு ஆண்டுகள். ஒரு மகள். 1892இல் கணவர் ஓய்வுபெற்றதும் அயர்லாந்துக்குத் திரும்பினார்கள். எழுத்து மட்டும் நிற்கவில்லை.

அவர் மலையேறியபோது ரயில் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல்தான். வெலிங்டன் அப்போது ராணுவக் குடியிருப்பு. 1850களில் சிப்பாய்களுக்கான பெரிய பாசறை இங்கே எழுந்தது. சமவெளியின் வெயிலில் வெள்ளைச் சிப்பாய்கள் நோயில் விழுந்துகொண்டிருந்ததுதான் காரணம். அதற்கு முன் அந்த இடத்தின் பெயர் ஜெகதளா. படுகர்களின் ஊர். 1860 வாக்கில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். அந்தப் பிரபுவும் டப்ளினில் பிறந்தவர்தான். ஐரிஷ்காரர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்ட ஊரில் இன்னொரு ஐரிஷ் பெண் தன் பெயரை மறைத்து எழுதிக்கொண்டிருந்தார். யாருடைய பெயர் ஊருக்கே போகிறது, யாருடையது புத்தக அட்டைக்கும் வரத் தயங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஏன் மறைக்க வேண்டும்? அன்றைய பதிப்புலகத்தில் காரணங்கள் கண்கூடு. பிராண்டே சகோதரிகள் மூவரும் ஆணா பெண்ணா என்று தெரியாத பெயர்களில் வந்தார்கள். மேரி ஆன் எவன்ஸ் 'ஜார்ஜ் எலியட்' ஆனார். குரோக்கருக்கு மிக நெருக்கமான உதாரணம் ஹென்ரியெட்டா ஸ்டானார்ட். பட்டாள வாழ்க்கைக் கதைகளைப் பெண் பெயரில் வெளியிடப் பதிப்பாளர் ஒப்பவில்லை. அதனால் 'ஜான் ஸ்ட்ரேஞ்ச் வின்டர்' என்ற பெயரில் எழுதினார். அவரைக் குதிரைப்படை அதிகாரி என்றே வாசகர்கள் நினைத்தார்கள். பட்டாளத்தைப் பற்றி எழுத ஆணுக்குத்தான் தகுதி, பட்டாளத்தோடு ஊர் ஊராக அலைந்து குடித்தனம் நடத்திய பெண்ணுக்கு இல்லை! குரோக்கர் முழு ஆண் பெயரை எடுக்கவில்லை. பெயரில்லாமல் தொடங்கி, பிறகு 'பி. எம். குரோக்கர்' என்ற முதலெழுத்துகளோடு நின்றுகொண்டார். அதில் பாதி கணவரின் குடும்பப் பெயர், மீதி இரண்டு எழுத்துகளில் ஆணா பெண்ணா தெரியாது.

தமிழ் வாசகிகளுக்கு இது புதிதாக இருக்காது. வை. மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர், 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவர். அந்த வை. மு. புகுந்த வீட்டின் எழுத்துகள். ஐந்து வயதைக் கடந்ததும் கல்யாணம். கதை சொல்லத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாது. முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். ஒரு பெண் சொல்ல இன்னொரு பெண் எழுதுவதும், ஒரு பெண் வாசிக்க மற்றப் பெண்கள் கேட்பதுமாக, சென்னையிலும் பட்டாளக் குடியிருப்பிலும் வெகுஜன நாவல் பெண்கள் கூடிய அறையில்தான் பிறந்திருக்கிறது. திரிபுரசுந்தரி 'லக்ஷ்மி' ஆனார். எழுதிய பணத்தில் மருத்துவம் படித்து முடித்தார். 1984இல் சாகித்திய அகாதெமி விருது வந்ததும் அந்தப் புனைபெயருக்குத்தான்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது, அதுதான் வேடிக்கை. 'குமுதம்' அலுவலகத்தில் ரா. கி. ரங்கராஜன் பல பெயர்களில் எழுதினார். அவற்றில் மாலதி, மோகினி ஆகியவையும் உண்டு. இன்னொரு ரங்கராஜன் வந்தபோது பெயர்க் குழப்பம் வராமலிருக்க மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு 'சுஜாதா' ஆனார். ஸ்ரீ வேணுகோபாலன் பக்திக்கும் வரலாற்றுக்கும் தன் பெயரை வைத்துக்கொண்டு, கிளுகிளுப்பான கதைகளுக்குப் 'புஷ்பா தங்கதுரை' ஆனார். ஆண் பெண் பெயரை எடுத்தால் அது விளையாட்டு, வியாபாரம், வசதி. ஒரு நாளும் அவர் எழுத்து பெண்ணெழுத்து என்று தள்ளுபடி ஆகவில்லை. பெண் தன் பெயரை மறைத்தது கதவு திறக்க வேண்டும் என்பதற்காக. இரண்டையும் 'புனைபெயர்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். எனக்கு அது போதவில்லை.

சி. எஸ். லக்ஷ்மி 'அம்பை' என்ற பெயரை எடுத்த கதை இங்கே நினைவுக்கு வருகிறது. தேவனின் 'பார்வதியின் சங்கல்பம்' நாவலில் கணவனால் மதிக்கப்படாத மனைவி ஒருத்தி அம்பை என்ற பெயரில் எழுதத் தொடங்குகிறாள். ஓர் ஆண் எழுத்தாளரின் கற்பனையில் பிறந்த ஒளிவிடத்தை நிஜப் பெண் ஒருவர் எடுத்து வெளிச்சமாக்கினார். தமிழில் எழுதிய பெண்களைப் பற்றி 1984இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது ஆய்வு நூலின் தலைப்பே முகமூடிக்குப் பின்னாலுள்ள முகத்தைப் பற்றியது.

குரோக்கர் காலத்தில் எழுத்துக்குப் பணம் உண்டு. நாவல்கள் மூன்று தொகுதிகளாக வரும், விலை ஒன்றரை கினி. சாதாரணக் குடும்பம் வாங்க முடியாது. மூடி போன்ற வாடகை நூலகங்கள் மொத்தமாக வாங்கிச் சுற்றுக்கு விட்டன. 1880களின் நடுவிலிருந்து காலனிகளுக்கென்றே மலிவுப் பதிப்புகள் வந்தன. கல்கத்தா, சென்னை ரயில் நிலையங்களின் புத்தகக் கடைகளில் நாவல் கைமாறியது. இந்த வலைப்பின்னலுக்கு ஓயாமல் தீனி வேண்டும். நிறைய எழுதுவது குரோக்கரின் தனிப்பட்ட பேராசை அல்ல, அந்தச் சந்தையின் விதி. நம் மாத நாவல் காலத்தில் ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் கண்டதும் இதே விதிதான்.

அந்தப் பணம் யாருடையது? 1870இல் பிரிட்டனில் வந்த சட்டம், மணமான பெண் தன் இலக்கியத் திறனால் ஈட்டியது அவளுக்கே உரியது என்றது. 1874இல் இந்தியாவுக்கும் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் வந்தது. அதன் நான்காம் பிரிவிலும் இலக்கியம், கலை, அறிவியல் திறனால் வரும் வருமானம் மனைவியின் தனிச் சொத்து என்று இருக்கிறது. ஆனால் மணமாகும்போது இந்துவாகவோ முஸ்லிமாகவோ பௌத்தராகவோ சீக்கியராகவோ ஜைனராகவோ இருந்த பெண்ணுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று இரண்டாம் பிரிவு விலக்கிவிட்டது. வெலிங்டனில் உட்கார்ந்து குரோக்கர் சம்பாதித்த ஒவ்வொரு பவுனுக்கும் இந்த மண்ணிலேயே சட்டப் பாதுகாப்பு இருந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த ஜெகதளா பெண்ணுக்கு இல்லை. இந்துப் பெண் தன் கையிலுள்ள சொத்துக்கு முழு உரிமையாளர் என்று சட்டம் தெளிவாகச் சொல்ல 1956 ஆனது.

இந்த இடத்தில் அவர் கதைகளை நெருங்கிப் பார்க்க வேண்டும். காதல் நாவல்களைவிட இன்று நிற்பவை பேய்க்கதைகள்தான் என்பது என் எண்ணம். 1893இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை 'டு லெட்', அதாவது 'வாடகைக்கு'. மலைவாசத்தலத்துக்குத் தாமதமாகக் கிளம்பிய குடும்பத்துக்கு நல்ல பங்களா ஒன்று நம்ப முடியாத குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. மழைக்காலம் தொடங்கியதும் தாழ்வாரத்தில் குதிரைக் குளம்பொலி கேட்கிறது. பாய்ந்துவரும் குதிரையும் ஆளும் பள்ளத்தில் விழும் சத்தம், பெண்ணின் அலறல். வாடகை, மழை, வேலைக்காரர்கள், கிடைக்காத வீடு என்று இல்லத்தரசியின் கவலைகளிலிருந்தே பேய் கிளம்புகிறது. ஜூன் மாதத்துக் குன்னூரில் இரண்டு நாள் இருந்தவர்களுக்கு அந்தத் தாழ்வாரம் உடனே புரியும். 'டாகோர் டாக் பங்களா' கதையில் இரண்டு பெண்கள் கிறிஸ்துமஸுக்குக் கணவர்களிடம் போய்ச் சேர மாட்டுவண்டியில் தனியே பயணம் போகிறார்கள். எச்சரித்தவர் பேச்சைக் கேட்காமல், முன்பொரு பயணி கொலையுண்ட பங்களாவில் தங்குகிறார்கள். இரவில் நடந்ததைக் கண்ணால் காண்கிறார்கள். சாட்சி சொல்பவள் பெண், நம்ப மறுப்பவர்கள் மற்றவர்கள். அன்றைய ராணுவக் குடியிருப்பில் பெண் பேச்சுக்கு இருந்த மதிப்பை இதைவிட நேராக எழுத முடியாது.

ஆனால் இந்தக் கதைகளில் இந்தியர் யார்? பெரும்பாலும் வேலைக்காரர், வண்டிக்காரர், ஆயா. பயமும் பல நேரம் பணியாளின் உருவத்தில்தான் வருகிறது. பெயர் இருந்தால் அரைகுறையாக இருக்கும். தன் பெயரை மறைக்க நேர்ந்த பெண், தன் வீட்டில் தண்ணீர் சுமந்தவர்களுக்குக் கதையில் முழுப்பெயர் தரவில்லை. அவரைப் 'பெண் முன்னோடி' என்று மாலை போட்டு முடித்துவிட என்னால் முடியாதது இதனால்தான். பேரரசின் சம்பளத்தில் வாழ்ந்தவர், பேரரசின் கண்ணால் பார்த்தார். வீட்டுக்குள் பெண்ணுக்கு நடப்பதை மட்டும் அந்தக் கண் தப்பவிடவில்லை.

அதே மலைக்கு எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு பெண் வந்தார், அவரும் கணவரின் வேலை காரணமாகத்தான். ராஜம் கிருஷ்ணன். பதினைந்து வயதில் மணமானவர், கணவர் மின்வாரியப் பொறியாளர். நீலகிரியில் மின்திட்டங்கள் எழுந்த காலத்தில் இங்கே வாழ்ந்து, படுகர்களின் வாழ்க்கை தலைமுறை தலைமுறையாக மாறுவதைக் 'குறிஞ்சித் தேன்' நாவலாக எழுதினார். 1963இல் நூலானது. குரோக்கரின் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் தெரிந்த ஊர் இந்த நாவலில் மையத்துக்கு வருகிறது, மனிதர்களுக்குப் பெயர் வருகிறது. வெளியிலிருந்து வந்தவர் எழுதியதுதானே என்ற கேள்வி இதற்கும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

'பெயர்' என்ற சொல்லுக்கு இந்த மலையில் இன்னொரு பொருளும் உண்டு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் குடியேறின. அவர்கள் வாழ்ந்த இலங்கைத் தோட்டங்களின் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. செக்ரோலில் விழுந்தால் பேர். பறித்த கொழுந்து எடைக்குக் குறைந்தால் 'அரைப் பேர்', பாதிக் கூலி. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கணவர் 1911இல் இறந்த பிறகும் குரோக்கர் எழுதினார். 1913இல் 'இன் ஓல்டு மெட்ராஸ்', 1917இல் பர்மாக் கதையான 'தி ரோடு டு மாண்டலே'. 1920 அக்டோபரில் லண்டனில் இறந்தார். பிறகு நெடுங்காலம் யாரும் பேசவில்லை. 2000ஆம் ஆண்டில் பேய்க்கதைகள் மட்டும் தனித் தொகுப்பாக மறுபடி வந்தன. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் பல நூல்களை இன்று காசில்லாமலே படிக்கலாம். மாணவிகள் யாராவது ஆய்வுக்கு எடுப்பதானால் 'டு லெட்'டில் தொடங்கலாம். ரயிலில் போனால் குன்னூரை அடுத்த நிறுத்தம் வெலிங்டன். ஜெகதளா என்ற பெயர் இப்போது பேரூராட்சிப் பலகையில் இருக்கிறது.