பாட்டுக்கும் வாய்ப்பூட்டா?

2010 ஆகஸ்ட் மாதம். ஜொகூர், கூலாயில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் மாணவர்கள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்தனர். பள்ளி நிகழ்ச்சியில் பேசிய தலைமையாசிரியை, சீன மாணவர்களைச் சீனாவுக்கே திரும்பிப் போகலாம் என்றார். சாமிக் கயிறு கட்டியிருந்த இந்திய மாணவர்களை நாயோடு ஒப்பிட்டார் என்பது அந்தப் புகார். அந்தக் கயிறு என்னவென்று தமிழ்ப் பெற்றோருக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு கட்டும் கயிறு அது. நாடு முழுவதும் கொதிப்பு எழுந்ததில் வியப்பில்லை.

அந்தக் கொதிப்பைப் பாட்டாக்கியவர் தமிழர் அல்லர். ஜொகூரிலேயே மூவாரில் பிறந்த வீ மெங் சீ. நேம்வீ என்ற பெயரில் பாடுபவர். ‘நா’ என்ற ராப் பாட்டைப் படமாக்கி யூடியூபில் ஏற்றினார். வசைச்சொற்களுக்கு அதில் பஞ்சமில்லை. பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லும் பாட்டும் இல்லை. ஆனால் மாணவர்களின் வலியை நாடு முழுக்கக் கொண்டு சென்றது அது. சில நாள்களில் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் பாடியவரே விசாரிக்கப்பட்டார்.

இது அவருக்கு முதல் அனுபவமும் அல்ல. 2007இல் தைவானில் படித்துக்கொண்டிருந்தபோது, நெகாராகூ பண்ணின் மெட்டைச் சேர்த்து ஒரு ராப் பாட்டு வெளியிட்டார். போலீசாரின் லஞ்சத்தைச் சாடிய அந்தப் பாட்டு, விடியற்காலைத் தொழுகை அழைப்பையும் விட்டுவைக்கவில்லை. முஸ்லிம்களின் மனம் புண்பட்டது. இறுதியில் அவர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பாட்டில் குற்றம் காண்பவர்களுக்குக் காரணம் உண்டு. ஒரு பாட்டு முரட்டுத்தனமானது என்பது வேறு, அது நாட்டுக்கு எதிரான குற்றம் என்பது வேறு. இந்த வேறுபாட்டைத் தேச நிந்தனைச் சட்டம் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. சொன்னவருடைய நோக்கம் என்ன என்பதே முக்கியமில்லை என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது.

அந்தச் சட்டத்தை 1948இல் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1957இல் சுதந்திரம் வந்தபோது கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு, ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமை, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை வழங்கியது. அதே பிரிவு, பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காக இவற்றுக்கு வரம்பு விதிக்க நாடாளுமன்றத்துக்கு இடமும் கொடுத்தது. பழைய சட்டம் போகவில்லை. 2012 ஜூலையில் அப்போதைய பிரதமர் நஜிப் அதை நீக்கப்போவதாக அறிவித்தார். 2015 ஏப்ரலில் நாடாளுமன்றம் அதைத் திருத்தி மேலும் கடுமையாக்கியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் பாட்டுக்காகச் சிறை சென்றவர்களைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். இந்தியாவில் தேச நிந்தனைக் குற்றம் 1870இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1928இல் பாரதியார் பாடல்கள் பறிமுதல் செய்யப்பட்டதும், அக்டோபரில் சென்னை சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதைக் கண்டித்துப் பேசியதும் வரலாறு. நாடக மேடையில் விசுவநாததாஸ் இருந்தார். முருகன் வேடத்தில் வந்து, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டில் வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடுவார். கேட்டவர்களுக்குப் பொருள் புரியும். போலீசுக்கும் புரியும். மேடையிலிருந்து இறங்கினால் கைது. சிறைக்குப் போய் வந்து மறுபடியும் பாடினார். 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னை ராயல் தியேட்டரில், மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

ஆட்சி மாறியும் அந்தப் பழக்கம் மாறவில்லை. மதுக்கடைகளை மூடச் சொல்லித் தெருவில் பறையடித்துப் பாடும் கோவன், 2015 அக்டோபர் 30ஆம் தேதி திருச்சியில் நள்ளிரவில் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு தேச நிந்தனை. கைதான பிறகுதான் அந்தப் பாட்டைத் தமிழ்நாடே கேட்டது.

பாட்டு பொது இடத்துக்கு வந்துவிட்டால் நெருக்கடி கூடும். 2018 பிப்ரவரியில், நாய் ஆண்டு பிறந்ததையொட்டி நேம்வீ வெளியிட்ட சீனப் புத்தாண்டுப் பாட்டு, புத்ராஜெயாவில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னே உள்ள சதுக்கத்தில் படமாக்கப்பட்டிருந்தது. நாய் முகமூடி அணிந்தவர்கள் அதில் ஆடினார்கள். லஞ்சத்தைப் பற்றிய கிண்டலும் இருந்தது. பாடியவர் கைதாகித் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். வெட்டவெளியில் பலர் திரண்டு பாடுவதென்றால் பேச்சுரிமையோடு கூடும் உரிமையும் சேர்ந்துகொள்கிறது. அங்கே 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம் குறுக்கே நிற்கும். 2018இல் 10 நாள்களுக்கு முன்பே போலீசுக்கு அறிவிக்கவேண்டியிருந்தது. தவறினால் குற்றம் என்றது அந்தச் சட்டம்.

அதில் சிக்கியவர்களில் ஜொகூர்த் தமிழர் ஒருவரும் உண்டு. 2013 பொதுத் தேர்தல் முடிவை எதிர்த்து அந்த ஆண்டு மே மாதம் ஜொகூர் பாருவில் நடந்த கருப்பு 505 கூட்டத்துக்காக, கெஅடிலான் கட்சியின் இரா. யுனேஸ்வரன் குற்றஞ்சாட்டப்பட்டார். இதே போன்ற நிக் நஸ்மி வழக்கில், 2014 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அறிவிக்கத் தவறியதற்காகத் தண்டிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்திருந்தது. யுனேஸ்வரனின் வழக்கில் 2015 அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, சட்டம் செல்லும் என்றது. ஒரே நீதிமன்றம், ஒரே சட்டம், இரண்டு தீர்ப்புகள்! எதை நம்பி வீதியில் இறங்குவது என்று சாதாரண மக்கள் குழம்பியிருந்தால் குற்றம் அவர்களுடையதல்ல. அபராதம் விதிக்கப்பட்ட யுனேஸ்வரன் 2022இல் செகாமாட் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

குழப்பம் தீரப் பத்து ஆண்டு ஆயிற்று. 2025 ஜூலை 1ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், முன்னறிவிப்பு தராததற்காக ஏற்பாட்டாளரைக் குற்றவாளியாக்கும் 9(5) பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. போலீசுக்கு அறிவிக்கவேண்டும் என்ற கடமை நீங்கவில்லை. தவறினால் குற்றவாளி என்ற நிலைதான் நீங்கியது. 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.