எரிமலைக்கு வழி கண்டவர்

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ரெயூனியன் தீவைப் பற்றிக் கேட்டிராத வீடுகள் குறைவு. யாருக்காவது அங்கே சித்தப்பா இருப்பார், சம்பந்தி இருப்பார். ஆனால் அந்தத் தீவின் தென்கிழக்கில் ஓர் எரிமலை இன்றைக்கும் எரிந்துகொண்டிருக்கிறது என்பதும், வெளியூர்க்காரர்கள் வழிகாட்டியுடன் அதில் ஏறிப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த மலைக்குப் போகும் வழிக்கும் நம் புதுச்சேரிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எரிமலையின் பெயர் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ். 'உலைச் சிகரம்' என்று தமிழில் சொல்லலாம். உயரம் 2,632 மீட்டர். 17ஆம் நூற்றாண்டு முதல் 150க்கும் மேற்பட்ட தடவை அது நெருப்புக் குழம்பைக் கக்கியிருக்கிறது. சில வருடங்களில் இரண்டு மூன்று முறைகூட வெடிக்கும்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். பூகோள வகுப்பில் பிரான்சின் நடுவிலுள்ள ஒவேர்ஞ் பகுதியின் அணைந்துபோன எரிமலைகளைப் படம் வரைந்து பெயர் எழுதச் சொல்வார்கள். புய் தெ தோம் என்ற மலையை இன்று கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். எரிந்துகொண்டிருக்கும் மலையுள்ள ரெயூனியனுக்குப் பாடப் புத்தகத்தில் கிடைத்தது ஒரு பத்தி. அந்தத் தீவின் பழைய பெயர் புர்போன், அங்கே கரும்பு விளைகிறது, அவ்வளவுதான்.

பிற்காலத்தில் படித்த ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. மகாராட்டிரத்தில் அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்த கரும்பாறை எல்லாம் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பு. அதைக் கக்கிய நிலத்தடி உலைதான் இன்று ரெயூனியனுக்கு அடியில் இருக்கிறது என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். உலை இருந்த இடத்திலேயே இருந்ததாம், அதன் மேலிருந்த நம் நிலம்தான் மெல்ல வடக்கே நகர்ந்து வந்துவிட்டது. வந்த தடத்தில் லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீசு என்று வரிசையாகத் தீவுகள். கடைசிப் புள்ளி ரெயூனியன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் அங்கே போனோம். என் மைத்துனர் மகனுக்கு சேன்-தெனி நகரில் வேலை. "மாமா, முட்டி வலி இல்லையென்றால் எரிமலைக்குப் போகலாம். ஆனால் தனியாக வேண்டாம், வழிகாட்டியோடு போங்கள்" என்றார். என் மனைவி, "எரிகிற மலைக்கு யாராவது காசு கொடுத்துப் போவார்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

எல்லா எரிமலையும் ஏறத் தகுந்தது அல்ல. மர்த்தினிக் தீவின் மோன் பெலே மலை 1902 மே 8 அன்று வெடித்தபோது, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சில நிமிடங்களில் சேன்-பியேர் நகரை மூடின. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர். ரெயூனியன் மலை அப்படிப்பட்டது அல்ல. அதன் குழம்பு நீர்த்தது, பெரும்பாலும் வெல்லப்பாகு போல வழிந்து ஓடும். அதுவும் குதிரை லாட வடிவில் பாறைச் சுவர் சூழ்ந்த ஒரு பெரும் பள்ளத்துக்குள்தான் அநேகமாக ஓடுகிறது. 'ஆன்க்ளோ' என்பார்கள், அடைப்பு என்று பொருள். அதன் நான்காவது பக்கம் கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மலைக்கு அருகே ஓர் ஆய்வுக்கூடம் இருந்து பூமியின் அசைவை இரவும் பகலும் கவனிக்கிறது. சந்தேகம் வந்தால் அரசாங்கம் உடனே அடைப்புக்குள் போகும் வழியைப் பூட்டிவிடும். நாங்கள் போன வாரம் திறந்திருந்தது.

விடியுமுன் புறப்பட வேண்டும். காலை பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறி வந்து மலையை மறைத்துவிடும். வண்டி புல்வெளிகளையும் மாட்டுப் பண்ணைகளையும் கடந்து, புல் பூண்டு இல்லாத செம்மண் சமவெளி ஒன்றில் இறங்கி ஏறி, பாறைச் சுவரின் விளிம்பில் நின்றது. உயரம் 2,300 மீட்டருக்கு மேல். பல்லைக் கிட்டும் குளிர். கீழே கண்ணுக்கு எட்டிய வரை கறுப்பு. நடுவில் சிகரம். எங்கள் குழுவில் எட்டுப் பேர், நான்தான் மூத்தவன். வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்க கிரியோல்காரர். என் செருப்பு, தண்ணீர், மழைக்கோட்டு எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "முசியே, நீங்கள் எனக்கு அடுத்து நடங்கள். உங்கள் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்" என்றார்.

இறங்குமிடத்தின் பெயர் பா தெ பெல்கோம். 'பா' என்றால் மலைக் கணவாய். பெல்கோம் என்ற பெயரைக் கேட்டதும் நான் நின்றுவிட்டேன். "எங்கள் ஊர் குவர்னர் பெல்கோமா?" என்று கேட்டேன். வழிகாட்டி சிரித்தார். "உங்கள் ஊருக்குப் போகுமுன் எங்கள் ஊருக்கு இருந்தார்" என்றார்.

நம் ஊர் வரலாற்றில் பெல்கோமுக்கு ஒரு கௌரவமான இடம் உண்டு. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கியதும், அமைதி திரும்பிய பிறகு லோ தெ லொரிஸ்தோன் அதை மீண்டும் கட்டியதும் பலருக்குத் தெரியும். அதன்பின் 1777இல் குவர்னராக வந்தவர் கியோம் லெயொனார் தெ பெல்கோம். மதில் வேலை முடியாத நகரம், கையில் கொஞ்சம் படை. 1778 ஆகஸ்டில் ஹெக்டர் மன்றோவின் சேனை முற்றுகையிட்டது. அக்டோபர் வரை தாக்குப்பிடித்து, இனி இயலாது என்ற நிலையில்தான் சரணடைந்தார். எதிரியும் மதித்து, போர் மரியாதையோடு படையை வெளியேற அனுமதித்தான். இதெல்லாம் நாம் படித்தது. அதற்கு முன் 1767 முதல் 1773 வரை அவர் புர்போன் தீவின் குவர்னர்.

அந்த விளிம்பில் நின்றுகொண்டு வழிகாட்டி சொன்னது 1768ஆம் ஆண்டுக் கதை. தீவின் நிர்வாகி ஒனோரே தெ கிரெமோன் எரிமலையைப் பார்க்க ஒரு பயணம் ஏற்பாடு செய்தார், குவர்னர் பெல்கோமும் சேர்ந்துகொண்டார். கனவான்களுக்காகச் சாமான் சுமந்தவர்கள் அடிமைகள். பாறைச் சுவரின் விளிம்புவரை வந்துவிட்டார்கள், ஆனால் இறங்க வழியில்லை. செங்குத்தான சரிவு. வழி கண்டுபிடிக்கும் அடிமைக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். பாறையைப் பற்றி இறங்கி, ஆள் போகத்தக்க ஒரு தடத்தைக் கண்டவர் யாக்கோபு என்ற அடிமை. பிரெஞ்சில் ஜாக்கோப். அவர் கண்ட வழிக்குக் குவர்னரின் பெயரை வைத்தார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. இப்போது அந்த இடத்தைப் பா தெ பெல்கோம்-ஜாக்கோப் என்று சேர்த்துச் சொல்கிறார்கள், அரசு அறிவிப்புகளிலும் அப்படித்தான் அச்சாகிறது. பெல்கோமின் பெயரை யாரும் அழிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு பெயரைச் சேர்த்தார்கள். எனக்கு அது சரியென்று பட்டது.

அந்த மலையில் பெயர்கள் எல்லாம் இப்படித்தான். சிகரத்திலுள்ள பெரிய வாய்க்குப் பெயர் தொலொமியு, அவர் பிரான்சின் கனிம அறிஞர். சிறிய வாய்க்குப் பெயர் போரி. 1801இல் ஏறி ஆராய்ந்து புத்தகம் எழுதிய போரி தெ சேன்-வேன்சானின் நினைவாக வைத்தது. கூடச் சுமை தூக்கியவர்களின் பெயர் எந்தப் பாறையிலும் இல்லை. ஒருவர் மட்டும் தப்பினார். 1771இல் இயற்கை அறிஞர் கொமெர்சோன் எரிமலையைப் பார்க்க வந்தபோது உடன் ஏறிய இளைஞர் லிஸ்லே ஜோஃப்ருவா. தாய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக வந்தவர், தந்தை வெள்ளைக்காரர். அந்த இளைஞர் பிற்காலத்தில் சிறந்த வரைபடக்காரர் ஆனார். 1786இல் பாரிசின் அறிவியல் அக்கதெமி அவரைத் தன் தொடர்பு உறுப்பினர்களில் ஒருவராக ஏற்றது. அடிமை முறை நடப்பிலிருந்த காலத்தில் இது சாமானியமா?

ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி அடைப்பின் தரையை அடைந்தோம். முதலில் வருவது ஃபொர்மிக்கா லேயோ என்ற சிவந்த சிறு குன்று. 1753இல் வெடித்துக் கிளம்பியது. மணலில் குழி பறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் குழியானைப் பூச்சி நினைவிருக்கிறதா? அதன் லத்தீன் பெயர்தான் இது. குன்றின் உச்சிக் குழி அச்சாக அப்படியே இருக்கிறது. அதற்கப்பால் இறுகிய குழம்பின் மேல் நடை. ஓரிடத்தில் முறுக்கிய கயிறு போல வழவழப்பு, இன்னோரிடத்தில் உடைத்த கண்ணாடி போலக் கூர்மை. பாறைமேல் வெள்ளைச் சாயப் பொட்டுகளைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் அந்தப் பொட்டுகள்தான் உயிர். பாதையை விட்டு ஒருவர் விலகினாலும் வழிகாட்டி குரல் கொடுத்தார். மேலோடு மெல்லியதாக இருந்தால் உள்ளே பொந்து இருக்கும்.

மேலே பார்வையிடத்தை அடைந்தபோது மணி ஒன்பதரை. தொலொமியு வாயின் விளிம்பு. 2007 ஏப்ரலில் பெரும் குழம்பு வெளியேறியதும் உள்ளே வெற்றிடமாகி, அந்த வாயின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கிவிட்டது. ஆயி மண்டபத்தை ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கினாலும் நிரம்பாத பள்ளம். சுவரில் அங்கங்கே வெண்புகை. கந்தக நெடி. யாரும் பேசவில்லை.

ரொட்டி தின்ன உட்கார்ந்தபோது வழிகாட்டி தன் கையிலிருந்த நோட்டில் ஒரு பெயரை எழுதிக் காட்டினார். அவருடைய தாய்வழிக் குடும்பப் பெயராம். "நாங்கள் மூத்துஸமி என்கிறோம். உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். முத்துசாமி என்று சொல்லி, தமிழில் எழுதியும் கொடுத்தேன். நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். அவர்களிடம் மூதாதையரைப் பற்றி மிஞ்சியது அந்தப் பெயரும் பதிவேட்டில் ஒரு எண்ணும்தான்.

இதன் பின்னணி நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1828இலேயே யானாமிலிருந்து ஒரு சிறு குழு ஒப்பந்தக் கூலிகளாக புர்போனுக்குப் போனது. 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். 1882இல் ஆங்கில அரசு நிறுத்தும்வரை இந்தியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பாலோர் தமிழர். அங்கே அவர்களுக்குப் பெயர் 'மலபார்'. போனவருடைய பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. மொழி போயிற்று, தீமிதியும் மாரியம்மனும் நின்றார்கள்.

அலுவலகத்தில் எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய பதிவேடுகளை எடுத்துப் படிக்கும் வேலை அடிக்கடி என் மேசைக்கு வரும். ரெயூனியனிலிருந்து வருபவர்கள் கையில் ஒரு காகிதத்தோடு நிற்பார்கள். பெயர், தந்தை பெயர், வயது, ஊர். ஊர்ப் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும். பல சமயம் கிடைக்காது. ஒரு குமாஸ்தா அன்று இன்னும் இரண்டு எழுத்தைக் கவனமாகப் போட்டிருந்தால் ஒரு குடும்பத்துக்கு ஊர் கிடைத்திருக்கும். முப்பது வருட உத்தியோகத்தில் எனக்கு இது பழகிப்போன சங்கதி. ஆனால் யாக்கோபு கண்ட வழியில் இறங்கி வந்த பிறகு அதன் கனம் வேறாகத் தெரிந்தது. அவர் பெயரை யாரோ ஒருவர் அன்று தாளில் குறித்து வைத்தார். அதனால்தான் இன்று சேர்க்க முடிந்தது. குறிக்காமல் விட்டவர்களை எந்த அரசாங்கம் நினைத்தாலும் சேர்க்க முடியாது.

மறுநாள் கடலோரமாக சேன்-ரோஸ் ஊருக்குக் கூட்டிப்போனார்கள். 1977 ஏப்ரலில் குழம்பு அடைப்புக்கு வெளியே கிளம்பி, சாலையைக் கடந்து, வீடுகளை எரித்து, மாதா கோவிலின் இரு பக்கமும் பிரிந்து ஓடியது. முன்வாசலில் ஏறி நின்றதோடு சரி, கோவில் தப்பியது. உயிர்ச்சேதம் இல்லை. இப்போது அது 'எரிமலைக் குழம்பின் மாதா' கோவில். நான் முன்பு சொன்ன ஆய்வுக்கூடம் அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், 1979இல், ஏற்பட்டது. வாசலில் இறுகிக் கிடக்கும் கரும்பாறை மீது சேலை கட்டிய ஒரு மூதாட்டி பூ வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என் மனைவியும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ரெயூனியன் போகும் நண்பர்கள் சேன்-தெனி கடைத்தெருவோடு திரும்பிவிடாதீர்கள். உடம்பு இடம் கொடுத்தால் வழிகாட்டியோடு மலை ஏறுங்கள். முடியாதவர்கள் விளிம்புவரை வண்டியிலேயே போகலாம், அங்கிருந்தே சிகரம் முழுதாகத் தெரியும். நம் குவர்னரின் பெயரோடு யாக்கோபின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பரணில் கிடக்கும் தகரப் பெட்டியில் பழைய பிரெஞ்சுக் காகிதம், கப்பல் சீட்டு, புர்போனிலிருந்து வந்த கடிதம் ஏதாவது இருந்தால், படிக்கத் தெரியவில்லை என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கொண்டு வாருங்கள், கண் தெரியும்வரை நான் படித்துச் சொல்கிறேன்.