தரைக்குக் கீழே ஒரு கணப்பு

திருமழிசையில் மார்கழி விடியலின் குளிர் ஒரு போர்வைக்குள் அடங்கிவிடும். ஆயினும் பளிங்கும் டைல்ஸும் பதித்த வீடுகளில், காலைத் திருப்பலிக்குப் புறப்படும் முதியவர்கள் தரையில் கால் வைக்கத் தயங்குவதைக் காண்கிறோம். கல், பாயைவிட விரைவாக உடற்சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம் பிள்ளைகளோ, அங்கே குளியலறைத் தரையே மின்சாரத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்கிறார்கள். இதில் புதியது மின்சாரம்தான். தரையைச் சூடாக்கும் எண்ணம் மிகப் பழையது.

நெருப்பைச் சூழ்ந்து அமர்வதே எங்கும் முதல் வழக்கம். நெடுநல்வாடையில் அகன்ற வாயுடைய தடவில் நெருப்பு எரிகிறது. தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்ததும் கரிநெருப்பின் அருகில்தான். உரோமையர் அந்நெருப்பைத் தரைக்கு அடியில் கொண்டு சென்றனர். இரண்டடி உயரச் செங்கல் தூண்களின்மீது தரையை எழுப்பி, உலையின் சூடான காற்றை அந்த வெளியில் உலவவிடும் முறையைக் கி.மு. முதல் நூற்றாண்டில் வித்ருவியுஸ் எழுதிவைத்தார். குளிப்பகங்களிலும் செல்வர் மாளிகைகளிலும் அது பரவியது. உலைக்கு விறகு தள்ளியவர்கள் அடிமைகள்.

நாம் சற்று நின்று நோக்க வேண்டியது, ஏறத்தாழ 820-ஆம் ஆண்டில் தோல் ஏட்டில் வரையப்பட்ட ஒரு துறவுமடத்தின் வரைபடத்தை. சுவிட்சர்லாந்தின் புனித கால் மடத்து நூலகத்தில் அது இன்றும் உள்ளது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றிய துறவியருக்காக வரையப்பட்ட அத்திட்டம் வரைந்தபடி கட்டப்படவே இல்லை என்பது வேறு செய்தி. அதில் தரைக்கடியில் உலை வைத்துச் சூடேற்றத் திட்டமிட்ட இடங்கள் மூன்று: துறவியரின் உறங்குமிடத்திற்குக் கீழுள்ள பொது அறை, நவதுறவியர் இல்லம், நோயாளர் இல்லம். மடத் தலைவரின் இல்லத்திற்குக் காட்டப்பட்டிருப்பதோ சாதாரணக் கணப்புதான்! உரோமையில் செல்வரின் சுகமாயிருந்தது இங்கே இளையோருக்கும் நோயுற்றோருக்கும் இடம் மாறிவிட்டது. பிற்காலத்துச் சிஸ்டர்சியன் மடங்களிலும், சமையலறையும் நோயாளர் இல்லமும் நீங்கலாக, நெருப்புள்ள அறை பெரும்பாலும் ஒன்றே. துறவியர் அங்கு வந்து சிறிது நேரம் குளிர்காய்ந்து செல்வர்.

கொரியாவில் சமையல் அடுப்பின் புகையே தரைக்கடியில் ஓடிச் சென்று அறையைச் சூடாக்கியது. அடுப்பை ஒட்டிய, சூடு மிகுந்த பகுதி வீட்டு மூத்தோருக்கும் விருந்தினருக்கும் உரியது. நம் நாட்டில் காஷ்மீரத்து ஹமாம் இவ்வகையினதே: கற்பலகைத் தரை, அதன்கீழ் விறகு நெருப்பு.

கம்பியில் மின்சாரம் பாயும்போது எழும் வெப்பத்தின் கணக்கை ஜூல் 1841-இல் வகுத்தார். இன்று தரைக்கடியில் பதிக்கும் மின்கம்பியும் அக்கணக்கின்படியே சூடாகிறது. புகை இல்லை, விறகு சுமப்பவரும் இல்லை. ஆனால் கட்டணம் உண்டு. 1960-களில் பிரிட்டனில் எளியோருக்கென எழுந்த அடுக்குமாடிகள் பலவற்றில் இம்முறையை அமைத்தனர். மின்கட்டணம் உயர்ந்ததும் பல குடும்பங்கள் அதை நிறுத்திவிட்டுக் குளிரில் இருந்தன. சுவர்களில் பூஞ்சணம் படர்ந்தது.

திருமழிசையில் நமக்கு ஒரு கோரைப்பாய் போதும். உதகையிலும் கொடைக்கானலிலும் நிலை வேறு. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்த செய்திகள் அங்கிருந்து வருவதுண்டு. அங்கே பத்துச் சதுர மீட்டர் அறை ஒன்றில், சதுர மீட்டருக்கு 150 வாட் வீதம் கம்பி பதித்தால், அது முழுவீச்சில் இயங்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒன்றரை யூனிட் மின்சாரம் செலவாகும். வீடு முழுவதற்கும் இது பலருக்கு இயலாது. நோயுற்ற தாயோ தந்தையோ படுத்திருக்கும் ஓர் அறைக்கு இயலும்.