காது மட்டும் உள்ள கருவிகள்

2018-ல் அபிஷேக் சிங் என்ற நிரலாளர் ஒரு காணொளி வெளியிட்டார். அவர் காட்டும் அமெரிக்கச் சைகைமொழியை மடிக்கணினியின் கேமரா பார்க்கிறது, மென்பொருள் அதைச் சொல்லாக்குகிறது. உடனே கணினி வாய்விட்டுச் சத்தமாகப் பேசுகிறது! பக்கத்தில் இருக்கும் எக்கோ அதைக் கேட்டுப் பதில் சொல்ல, அந்தப் பதில் திரையில் எழுத்தாக வருகிறது.

பார்த்தப்போ எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு இயந்திரத்தோடு பேச இன்னொரு இயந்திரத்தைத் தூது விடுவதா? அப்புறம்தான் உறைத்தது, இது 1964-லேயே நடந்த கதை.

தொலைபேசிக்கு 1876-ல் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்லின் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. பிற்பாடு அவர் கட்டிக்கொண்ட மேபலுக்கோ சுத்தமாகக் கேட்காது. (பெல் சைகைமொழிக் கல்வியை எதிர்த்தவர் என்பது தனிக்கதை.) ஆனாலும் அவருடைய கருவி காது கேளாதவர்களை எண்பது வருஷத்துக்கு மேல் வெளியிலேயே நிறுத்தி வைத்தது. ஒரு போன் பண்ணணும்னா அடுத்தவர் தயவு வேண்டும்.

வழி கண்டுபிடித்தவர் கலிஃபோர்னியாவின் ராபர்ட் வைட்பிரெக்ட். இயற்பியலாளர், அமெச்சூர் ரேடியோ பைத்தியம், காது கேளாதவர். அவரைப் போலவே காது கேளாத பல் மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் அவருக்கு ஒரு டெலிடைப் இயந்திரத்தை அனுப்பி வைத்தார். அந்தக் காலத்தில் ஏடி அண்ட் டி தன் கம்பியில் வெளிக்கருவி எதையும் இணைக்க விடாது. வைட்பிரெக்ட் கம்பியைத் தொடவே இல்லை. ரிசீவரை ஒரு தொட்டிலில் படுக்க வைத்தார். தட்டிய எழுத்து கீச்சொலியாகி ரிசீவருக்குள் போனது, மறுமுனையில் திரும்ப எழுத்தானது. தட்டி முடித்தவர் 'ஜிஏ' என்று அடிப்பார். 'இனி நீங்க சொல்லுங்க' என்று அர்த்தம்.

அதே தந்திரம்தான் சிங் செய்ததும். ஆனால் எழுத்தை ஒலியாக்குவதைவிடச் சைகையை ஒலியாக்குவது ரொம்பக் கஷ்டம். அமெரிக்கச் சைகைமொழியில் ஆமா-இல்லை கேள்விக்குப் புருவம் உயர வேண்டும். கையை மட்டும் பார்க்கிற கேமராவுக்குக் கேள்வியும் தெரியாது, கூற்றும் தெரியாது. பெயர் சொல்லி எழுப்புவதற்குப் பதிலாக எதைக் காட்டி எழுப்புவது? அதற்காக வீட்டுக்குள் கேமரா நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கணுமா?

அமேசானும் அதே 2018-ல் எக்கோ ஷோவில் திரையைத் தொட்டுக் கேட்கும் வசதியைத் தந்தது. நல்லதுதான். ஆனால் அடுப்படியில் மாவுக் கையோடு நிற்பவர் அங்கிருந்தே சைகை காட்டலாம், திரையைத் தொட முடியாது. கை வேலையாக இருக்கும்போது உதவத்தானே இந்தக் கருவியையே வாங்குகிறோம்?